சேர்வரை வாங்கிய பிறகும் ஆளுக்கு ஆள் ஏன் லைசன்ஸ்?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். புறக்கோட்டையில் அலுவலகம், பேலியகொடையில் களஞ்சியம், கண்டியில் ஒரு சிறு கிளை. பழைய சேர்வரை, அதாவது எல்லோருடைய கணினிகளும் இணையும் மையக் கணினியை, மாற்றுவதற்குக் கொட்டேசன் எடுத்திருக்கிறீர்கள். அதில் விண்டோஸ் சேர்வர் 2025 ஸ்டான்டர்ட் 16 கோர் ஒரு வரி, பாவனையாளர் கேல் 50 இன்னொரு வரி, அதற்குக் கீழே ஆர்டிஎஸ் கேல் 15. கேல் என்பது சேர்வரைப் பாவிக்க ஆளுக்கோ கருவிக்கோ வாங்கும் லைசன்ஸ், ஆர்டிஎஸ் கேல் ரிமோட்டில் சேர்வருக்குள் வந்து வேலை செய்வதற்கானது. "சேர்வருக்குக் காசு கட்டியாச்சு, அப்புறம் ஏன் ஆளுக்கு ஆள் திரும்பக் கட்ட வேண்டும்? இத்தனை வருஷம் இது இல்லாமல்தானே ஓடியது?" என்று முதலாளி கேட்கிறார். இன்னொரு கடைக்காரரோ "5 கேல் உள்ளேயே வரும், அது போதும்" என்கிறார். யார் சொல்வது சரி?

முதலாளியின் கேள்வி நியாயமானது. கொட்டேசன் தந்தவரும் இல்லாத ஒன்றை விற்கவில்லை. ஆனால் அவர் உங்கள் ஆட்களை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நீங்கள் எழுதிய விபரத்தை வைத்து எண்ணினால் 50 வராது. ஆர்டிஎஸ் 15 நிச்சயம் வராது. மற்றக் கடைக்காரர் சொன்ன 5 போதவே போதாது.

விண்டோஸ் சேர்வரின் விலை இரண்டு பாகமாக இருக்கிறது. ஒன்று, அந்த மென்பொருளை இயந்திரத்தில் ஓட்டுவதற்கான உரிமை. 2016 பதிப்பிலிருந்து இது கோர் கணக்கில், அதாவது புரொசஸருக்குள் இருக்கும் கணிக்கும் அலகுகளின் எண்ணிக்கையில், விற்கப்படுகிறது. ஒரு புரொசஸருக்குக் குறைந்தது 8 கோர், ஒரு சேர்வருக்குக் குறைந்தது 16 கோர் வாங்கியாக வேண்டும். உங்கள் இயந்திரத்தில் 12 கோர்தான் இருக்கிறது என்றாலும் 16க்குத்தான் கட்ட வேண்டும். 24 கோர் புரொசஸரைத் தெரிவுசெய்தால் 16 போதாது, 2 கோர் பொதிகள் நான்கை மேலதிகமாகச் சேர்க்க வேண்டும். இயந்திரத்தை ஓடர் செய்ய முன்னர் இதைப் பாருங்கள். அந்தக் கோர் எல்லாவற்றுக்கும் ஸ்டான்டர்ட் லைசன்ஸ் இருந்தால் ஒரே இயந்திரத்தில் இரண்டு மெய்நிகர் சேர்வர்களை (மென்பொருளால் பிரித்த தனித்தனிச் சேர்வர்களை) ஓட்டலாம். லொகினும் கோப்புகளும் ஒன்றில், கணக்கு மென்பொருள் மற்றதில் என்று பிரித்துக்கொள்ள உங்களுக்கு அது தாராளம். வரம்பில்லாமல் ஓட்டவிடும் டேட்டாசென்டர் பதிப்பின் பக்கம் நீங்கள் போகத் தேவையே இல்லை.

மற்றப் பாகம்தான் கிளையன்ட் அக்சஸ் லைசன்ஸ், பேச்சில் கேல். அந்தச் சேர்வர் தரும் சேவையை ஒருவர் பாவிப்பதற்கான உரிமை இது. காலையில் கணினியைத் திறந்து லொகின் செய்வது, பொது போல்டரில் இன்வொய்ஸைத் திறப்பது, சேர்வர் வழியாகப் பிரிண்ட் கொடுப்பது எல்லாமே சேவைதான்.

இங்கேதான் உங்கள் முதலாளிக்கு மட்டுமல்ல, கொழும்பில் பாதி அலுவலகங்களுக்குக் குழப்பம். அடிப்படைக் கேலை எங்கேயும் நிறுவுவதில்லை. அதற்கு ஒரு கோடு, அதாவது பதியும் குறியீட்டு எண், கிடையாது, சேர்வர் அதைக் கேட்பதும் இல்லை. விண்டோஸ் என்டி காலத்திலிருந்து சேர்வர் 2003 பதிப்பு வரை கொன்ட்ரோல் பெனலில் லைசன்ஸிங் என்று ஓர் ஐகன் இருந்தது, எண்ணிக்கையைப் பதியும் ஒரு சேவையும் பின்னால் ஓடியது. 2008 பதிப்போடு அது எடுக்கப்பட்டது. அதனால் கேலே வாங்காத சேர்வரிலும் நூறு பேர் லொகின் செய்யலாம், ஒரு எச்சரிக்கையும் வராது. பழையது "ஓடியது" என்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஓடியது என்பதற்காக உரிமை இருந்தது என்று ஆகிவிடாது. எண்ண வேண்டிய பொறுப்பை ஒப்பந்தம் வாங்கியவர் தலையில் வைத்திருக்கிறது. மைக்ரோசொப்டிடமிருந்தோ அதன் சார்பில் கணக்கெடுப்பவரிடமிருந்தோ கடிதம் வந்தால் காட்ட வேண்டியது கொள்வனவுப் பத்திரம். கணினி மென்பொருள் இங்கே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. தெரிந்துகொண்டே மீறினால் 5 இலட்சம் ரூபா வரை தண்டம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பயமுறுத்த எழுதவில்லை. முதலாளி முடிவெடுக்கும்போது இதுவும் அவர் முன்னால் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, எப்படி எண்ணுவது? பாவனையாளர் கேல் ஓர் ஆளுக்கு. அவர் மேசைக் கணினி, மடிக்கணினி, கைத்தொலைபேசி என்று எத்தனையில் வந்தாலும் ஒன்றே போதும். சாதனக் கேல் ஒரு கருவிக்கு. அந்தக் கருவியில் எத்தனை பேர் மாறி மாறி உட்கார்ந்தாலும் ஒன்றே போதும். கொழும்புக் கோட்டைக்கு எடுத்த ரயில் சீசன் டிக்கெட்டில் அந்தப் பாதையில் வேறு வேறு வண்டிகளில் ஏறலாம் அல்லவா, கேலும் அப்படித்தான். சேர்வர் ஒன்றோ நான்கோ, கேல் ஆளுக்கு ஒன்று. இரண்டு வகையையும் ஒரே நிறுவனத்தில் கலந்து வாங்கலாம், அதற்குத் தடை இல்லை. உங்கள் கொட்டேசனில் விடுபட்டுப்போனது இதுதான்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "ஒரே நேரத்தில் 20 பேர்தான் வேலை செய்வார்கள், அதனால் 20 எடுப்போம்" என்று பழைய தொழில்நுட்பவியலாளர்கள் சொல்வார்கள். பாவனையாளர் கேலும் சாதனக் கேலும் ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்று பார்ப்பதில்லை. மாதத்துக்கு ஒருமுறை வந்து ஒரு கோப்பைத் திறப்பவரும் ஓர் ஆள்தான்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். புறக்கோட்டை அலுவலகத்தில் 14 பேர், ஆளுக்கொரு கணினி, சிலருக்கு இரண்டு. கண்டியில் 5 பேர். வெளியே ஓடித் திரியும் விற்பனைப் பிரதிநிதிகள் 6 பேர், தொலைபேசியிலும் மடிக்கணினியிலும் வருகிறார்கள். இந்த 25 பேருக்கும் பாவனையாளர் கேல். களஞ்சியத்தில் இரண்டு ஷிப்டிலும் சேர்த்து 18 பேர், ஆனால் அங்கே இருப்பது 4 கணினியும் 3 கைஸ்கேனரும்தான். அங்கே 18 பாவனையாளர் கேல் எடுப்பது காசை வீணாக்குவது. 7 சாதனக் கேல் போதும். ஓடிட்டர்கள் வந்து உட்காரும் ஒரு மேசை இருக்கிறது என்றீர்கள். அந்தக் கணினிக்கு ஒரு சாதனக் கேல் எடுத்துவிட்டால் எந்த ஓடிட்டர் வந்தாலும் பிரச்சினை இல்லை. ஆனால் அவர்கள் தங்கள் மடிக்கணினியைக் கேபிளில் மாட்டாமல் அந்தக் கணினியைத்தான் பாவிக்க வேண்டும். களஞ்சியத்திலுள்ள பிரிண்டர் ஸ்கேன் செய்து நேராகச் சேர்வர் போல்டருக்கு அனுப்புகிறது. அதைப் பாவிப்பவர்கள் எல்லோரிடமும் பாவனையாளர் கேல் இருந்தால் பிரிண்டருக்குத் தனியாகத் தேவையில்லை. அங்கே அப்படி இல்லாததால் அதற்கும் ஒன்று வையுங்கள். ஆக 25 பாவனையாளர், 9 சாதனம், மொத்தம் 34. லொறிச் சாரதிகள் சேர்வரைத் தொடுவதே இல்லை என்றால் அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

எண்ணிக்கை சத்தமில்லாமல் ஏறும் ஓர் இடம் வைபை. சேர்வரே டிஎச்சிபி சேவையாக இருந்து, வலையமைப்பில் சேரும் கருவிகளுக்கு ஐபி முகவரி (அடையாள எண்) கொடுத்தால், அதை வாங்கும் ஒவ்வொரு தொலைபேசியும் சேர்வரின் சேவையைப் பாவிக்கிறது. மைக்ரோசொப்டின் நிலைப்பாடு அதுதான். களஞ்சியத் தொழிலாளர் 18 பேரின் தொலைபேசிகளும், வந்து போகும் வாடிக்கையாளர்களின் தொலைபேசிகளும் இப்படிக் கணக்கில் ஏறிவிடும். வழி மிகச் சுலபம். விருந்தினர் வைபையைத் தனி வலையமைப்பாகப் பிரித்து, முகவரியை ரவுட்டரே கொடுக்கட்டும், இணையப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையும் வெளியிலுள்ளதாக இருக்கட்டும். லைசன்ஸை விடுங்கள், பாதுகாப்புக்காகவே இதைச் செய்திருக்க வேண்டும்.

கேலை ஆள் மாற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மாற்றலாம். பொதுவிதி 90 நாளுக்கு ஒருமுறைக்கு மேல் மாற்றக்கூடாது என்பது. ஒருவர் நிரந்தரமாக விலகிப்போனாலோ கணினி திருத்த முடியாமல் பழுதானாலோ காத்திருக்கத் தேவையில்லை. விற்பனைப் பிரதிநிதிகள் அடிக்கடி மாறும் உங்கள் மாதிரி இடத்தில் இது பெரிய ஆறுதல்.

இனி ஆர்டிஎஸ் கேல். ரிமோட் டெஸ்க்டொப்பில் சேர்வருக்குள்ளேயே வந்து வேலை செய்பவர்களுக்கானது இது. அடிப்படைக் கேலுக்குப் பதிலாக வாங்குவதல்ல, அதற்கு மேல் வாங்குவது. விலையும் அடிப்படைக் கேலைப் போலப் பல மடங்கு, அதனால் இங்கேதான் கவனமாக எண்ண வேண்டும். உங்கள் அலுவலகத்து 14 பேரும் தங்கள் கணினியிலேயே மென்பொருளை ஓட்டி, தரவை மட்டும் சேர்வரிலிருந்து எடுக்கிறார்கள். அவர்களுக்கு ஆர்டிஎஸ் வேண்டாம். கண்டிக் கிளையின் 5 பேர் மட்டும் கணக்கு மென்பொருளுக்கு ரிமோட்டில் வருகிறார்கள். அவர்களுக்கு 5. விற்பனைப் பிரதிநிதிகள் செயலி வழியாக ஓடர் போடுகிறார்கள் என்றால் அவர்களுக்கும் வேண்டாம். 15 எங்கிருந்து வந்தது என்று கொட்டேசன் தந்தவரிடம் கேளுங்கள்.

அடிப்படைக் கேலைப் போலல்லாமல் ஆர்டிஎஸ் கேலைச் சேர்வர் தேடும். லைசன்ஸிங் சேர்வர் என்ற பாகத்தை நிறுவி, கேலை அதில் பதிய வேண்டும். பதியாவிட்டால் 120 நாள் சலுகைக் காலம், அதற்குப் பிறகு இணைப்பு மறுக்கப்படும். "நாலு மாசம் நல்லா ஓடின சேர்வர் திடீரென்று நின்றுவிட்டது" என்று வரும் அழைப்புகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஒரு செஷன் ஹோஸ்டில் (ரிமோட்டில் வருபவர்கள் வேலை செய்யும் சேர்வரில்) ஆள் கணக்கா சாதனக் கணக்கா என்று ஒன்றைத்தான் தெரிவுசெய்யலாம், இங்கே கலக்க முடியாது. ஆள் கணக்கு ஒழுங்காக வேலை செய்ய எல்லோருடைய லொகின் கணக்குகளையும் ஒரே இடத்தில் வைக்கும் எக்டிவ் டைரக்டரி டொமைன் இருக்க வேண்டும். உங்களிடம் இருக்கிறது, அதனால் ஆள் கணக்கையே எடுங்கள்.

சேர்வரில் ஆர்டிஎஸ் இல்லாமலேயே இரண்டு பேர் ரிமோட்டில் நுழையலாம். அது நிர்வாக வேலைக்கு மட்டும். அந்த வழியில் கணக்காளர் உட்கார்ந்து வவுச்சர் அடிப்பது உரிமையில் அடங்காது. அதைவிட மோசம், விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் சலுகைக் காலத்தை அழித்து அழித்து ஓட்டுவதும், சிஸ்டம் கோப்பை மாற்றிச் சாதாரண விண்டோஸ் 10 கணினியில் ஒரே நேரத்தில் பலரை ரிமோட்டில் ஏற்றுவதும். அடுத்த அப்டேட் வந்ததும் அது உடையும். உடையக்கூடாது என்று அப்டேட்டை நிறுத்துவார்கள், பிறகு கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் ரான்சம்வெயார் வந்து கணக்கு முழுவதும் போகும். இதைச் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து விடாதீர்கள்.

உங்கள் கொட்டேசனில் இல்லாத ஒரு வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் கணக்கு மென்பொருள் எஸ்கியூஎல் சேர்வர் என்ற மைக்ரோசொப்டின் தரவுத்தள மென்பொருளில் ஓடுகிறது. இப்போது எக்ஸ்பிரஸ் பதிப்பா? அது இலவசம், ஆனால் 2022 பதிப்பு வரை ஒரு தரவுத்தளம் 10 ஜிபியைத் தாண்ட முடியாது. அளவைப் பாருங்கள். 7, 8 ஜிபியை எட்டிவிட்டால் இப்போதே யோசிக்க வேண்டும். ஸ்டான்டர்ட் பதிப்புக்கு இரண்டு வழி. சேர்வருக்கு ஒன்றும் ஆளுக்கு அல்லது சாதனத்துக்கு ஒரு கேலும், அல்லது கோர் கணக்கு. மைக்ரோசொப்ட் 2022 பதிப்புக்கு வெளியிட்ட விலைப் பட்டியலில் சேர்வர் 989 டொலர், கேல் 230 டொலர், 2 கோர் பொதி 3,945 டொலர். குறைந்தது 4 கோர் வாங்க வேண்டும் என்பதால் கோர் வழி 7,890 டொலரில் தொடங்குகிறது. கூட்டிப் பார்த்தால் 30 கேலுக்குக் கீழே என்றால் கேல் வழி மலிவு, அதைத் தாண்டினால் கோர் வழி மலிவு. விண்டோஸ் கேல் எஸ்கியூஎல்லுக்குச் செல்லாது, இரண்டும் வேறு வேறு. இடையில் ஒரு செயலியோ இணையப் பக்கமோ இருந்து, தரவுத்தளத்தில் ஒரேயொரு கணக்குதான் நுழைகிறது என்பதால் ஒரு கேல் போதும் என்று வாதாடவும் முடியாது. பின்னால் இருக்கும் ஆட்கள் எல்லோரும் எண்ணப்படுவார்கள். செயலியில் ஓடர் போடும் அந்த 6 பேரும் இதில் அடக்கம், விண்டோஸ் கேலிலும் அடக்கம். எக்ஸ்பிரஸ் இலவசம் என்றாலும் அது ஓடுவது விண்டோஸ் சேர்வரில் என்றால் விண்டோஸ் கேல் வேண்டும் என்பதும் மாறாது.

விண்டோஸ் சேர்வரின் பதிப்பு எண்ணைப் பற்றிச் சுருக்கமாக. புதிய கேல் பழைய சேர்வருக்குச் செல்லும், பழைய கேல் புதிய சேர்வருக்குச் செல்லாது. 2019 கேல் கையில் இருந்தாலும் 2025 சேர்வருக்கு உதவாது. மென்பொருள்காரர் 2022ஐத்தான் நிறுவச் சொல்கிறார் என்றாலும் கேலை 2025 ஆகவே வாங்குங்கள், நாளை ஏற்றும்போது திரும்ப வாங்கத் தேவை வராது. உங்கள் பழைய சேர்வர் 2012 ஆர்2 என்றால் அதற்கான பொதுவான பாதுகாப்பு அப்டேட் 2023 ஒக்டோபரோடு நின்றுவிட்டது. 2016க்கு 2027 ஜனவரி வரைதான்.

மற்றக் கடைக்காரர் சொன்ன 5 கேல்? பெட்டிக்குள்ளேயே 5 கேல் சேர்த்து விற்ற பொதிகள் இருந்தன என்பது உண்மை, அந்தப் பழக்கத்தில் சொல்கிறார். அப்படி இருந்தால் பெட்டியிலும் இன்வொய்ஸிலும் எழுதியிருக்கும். எழுதியில்லை என்றால் இல்லை. இருந்தாலும் உங்கள் 34இல் 5தான் கழியும். இணையத்தில் சில டொலருக்குக் கிடைக்கும் "50 ஆர்டிஎஸ் கேல்" கோடுகளையும் தொடாதீர்கள். அது எக்டிவேட் ஆகலாம். ஆனால் கோடு உரிமை அல்ல. யாரிடமிருந்து, எந்தப் பெயரில், எந்தத் திகதியில் வாங்கினீர்கள் என்ற பத்திரம்தான் உரிமைக்குச் சாட்சி.

மைக்ரோசொப்ட் 365 ஏற்கனவே மாதாமாதம் கட்டுகிறோமே, அதில் அடங்காதா என்று முதலாளி கேட்கக்கூடும். இ3, இ5 திட்டங்களில் விண்டோஸ் சேர்வர் கேலுக்குச் சமமான உரிமை அடங்கியிருக்கிறது. பிஸ்னஸ் பிரீமியத்தில் அடங்கவில்லை. உங்களைப் போன்ற சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் பிஸ்னஸ் வரிசையில்தான் இருப்பார்கள், பில்லில் திட்டத்தின் பெயரைப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, எதையும் வாங்க முன்னர் ஒரு கேள்வியை உங்களுக்குள் கேளுங்கள். உங்களுக்கு விண்டோஸ் சேர்வர் எதற்கு? வெறும் போல்டர் பகிர்வதற்கு மட்டும் என்றால், விண்டோஸ் 11 புரோ கணினியே 20 சாதனங்கள் வரை கோப்பும் பிரிண்டும் பகிர அனுமதிக்கிறது. லினக்ஸில் கோப்புப் பகிரும் சம்பா மென்பொருளை ஓட்டினாலோ, வலையமைப்பில் கோப்புகளை வைக்கும் ஒரு நாஸ் பெட்டி வைத்தாலோ கேல் என்ற பேச்சே வராது. 2012 டிசம்பரில் வந்த சம்பா 4 முதல் லொகின்களைச் சரிபார்க்கும் டொமைன் கொன்ட்ரோலராகக்கூட அதை வைக்கலாம். ஆனால் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த ஆள் விலகிப்போனால் அடுத்தவர் வர வேண்டும். உங்கள் கணக்கு மென்பொருளும் கண்டியிலிருந்து வரும் ரிமோட் வேலையும் விண்டோஸையே கேட்பதால் நான் உங்களுக்கு விண்டோஸையே சொல்வேன். பக்கத்துக் கடையில் ஆறு பேர் வைத்து வியாபாரம் செய்பவருக்கு அப்படிச் சொல்லமாட்டேன்.

முதலாளியிடம் போகும்போது அடிப்படைக் கேல் 34ஐயும் ஆர்டிஎஸ் கேல் 5ஐயும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆளின் பெயரோ கணினியின் பெயரோ போட்டுக் கொடுங்கள். "50 வாங்க வேண்டுமாம்" என்பதைவிட அது அவருக்கு விளங்கும். விலை டொலரில் நிர்ணயிக்கப்படுவதால் 2022இல் ரூபா விழுந்தபோது கொட்டேசன்கள் எப்படி மாறின என்பதை அவரும் மறந்திருக்கமாட்டார். எந்தத் திகதி வரை விலை செல்லும், 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாக உள்ள வற் வரி அதற்குள்ளா வெளியேயா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்வொய்ஸில் "விண்டோஸ் லைசன்ஸ் செட்" என்று ஒரே வரியாக எழுதவிடாதீர்கள். கோர் எத்தனை, பாவனையாளர் கேல் எத்தனை, சாதனக் கேல் எத்தனை, ஆர்டிஎஸ் எத்தனை, என்ன பதிப்பு என்று தனித்தனி வரியாக, நிறுவனத்தின் பதிவுப் பெயரில் கேளுங்கள். சேர்வர் மென்பொருள் இயந்திரத்தோடு வரும் ஓஇஎம் வகையா என்பதும் அதில் இருக்கட்டும், ஏனென்றால் அந்த வகையை நாளை வேறு இயந்திரத்துக்கு மாற்ற முடியாது. திருத்திய கொட்டேசன் வந்ததும் எஸ்கியூஎல் தரவுத்தளத்தின் அளவையும் சேர்த்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.